ஆடிப்பட்டம் தேடி விதை: எதைத் தேடச் சொன்னார்கள்?

கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை முடிந்து உட்கார்ந்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

ஆண்டுதோறும் ஆனி மாதக் கடைசியில் எனக்கு ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வருகிறது. "டீச்சர், ஆடி பிறக்கப் போகுது. விதை போட்டுடலாமா?" சென்னையில் மொட்டை மாடியில் பை வைத்திருப்பவரும் கேட்கிறார், துறையூர்ப் பக்கம் கொல்லை உள்ளவரும் கேட்கிறார், கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகளும் கேட்கிறாள். மூவருக்கும் ஒரே பதிலை என்னால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்குள் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வகுப்பில் பாடவேளை போதாது என்று விட்டுப்போனவற்றில் இதுவும் ஒன்று.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். அதில் ஆடியைப் பிடித்துக்கொண்டோம், விதையைப் பிடித்துக்கொண்டோம். நடுவில் நிற்கும் "தேடி" என்ற சொல்லை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. ஆடி முதல் தேதி விதை என்று அது சொல்லவில்லை. ஆடியில் உனக்கான பட்டத்தைத் தேடு, கிடைத்ததும் விதை என்கிறது. நான் அதை அப்படித்தான் படிக்கிறேன். எதைத் தேட வேண்டும், யார் தேடினார்கள் என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் மழைக் கணக்கு.

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவு. ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் மழை இறங்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. நமக்கு வருவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, கோவையைத் தாண்டி, காவிரிக் கரை வரைக்கும் வீசுகிறதே, அதுதான் அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக் காற்று.

அப்படியானால் மழை இல்லாத, காற்று மட்டும் வீசுகிற மாதத்தில் ஏன் விதைக்கச் சொன்னார்கள்? இங்கேதான் நம் முன்னோரின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆடிக் கடைசி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் பகல் வெப்பத்தால் மேகம் திரண்டு சாயங்காலம் இடியுடன் மழை கொட்டும். வெப்பச்சலன மழை என்று செய்தியில் சொல்கிறார்களே, அதுதான். ஆடியில் போட்ட விதை முளைத்து வேர் பிடிக்கும் நேரத்தில் இந்த மழை கைகொடுக்கும். ஆடிக் காற்று பலமாக வீசும்போது செடி இரண்டு இலை, நான்கு இலைப் பருவத்தில் தரையோடு இருக்கும், ஒடியாது. காற்று ஓயும் ஆவணியில் புடலையும் பீர்க்கும் பாகலும் பந்தலைத் தொடும். ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்குள் பெரும்பாலான செடிகள் ஒரு சுற்று காய்த்துவிடும். மழையில் பூ உதிர்ந்தாலும், செடி அழுகினாலும், வீட்டுக்கு வர வேண்டியது வந்துவிட்டது.

அவரைக்கு மட்டும் வேறொரு கணக்கு உண்டு. நம் நாட்டுப் பந்தல் அவரையைத் தை மாதத்தில் ஊன்றினால் கொடி மட்டும் தழைத்து ஓடும், பூக்காது. அதையே ஆடியில் ஊன்றினால் பனி இறங்கும் நாளில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். காரணம், அந்தக் கொடி பகலின் நீளத்தை அளக்கிறது. திருச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சின்ன வேறுபாடு அவரைக்குத் தெரிகிறது. பகல் சுருங்கச் சுருங்கத்தான் அது பூவெடுக்கும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அறிஞர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார்கள். அதன் பெயரும் விளக்கமும் நம் பாட்டிமாருக்குத் தெரியாது. ஆனால் அவரையை எப்போது ஊன்றக் கூடாது என்பது தெரியும்.

ஆடி ஒன்றுதான் பட்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று பல உண்டு. கத்திரிக்கும் வெண்டைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டம் உண்டு. வாழைக்குக்கூட "ஆடி வாழை தேடி நடு" என்ற பழமொழி இருக்கிறது. அங்கேயும் "தேடி" வருகிறது பாருங்கள். "சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடியில் விதைக்க வேண்டியவர் சித்திரைக் கோடை மழையிலேயே மண்ணைக் கிளறிப் போட்டிருக்க வேண்டும். வெயிலில் மண் காய்ந்தால் களையின் வேரும் பூச்சியின் முட்டையும் சாகும். ஆக, ஆடித் தோட்டம் தொடங்கும் மாதம் உண்மையில் சித்திரை.

இனி நாட்காட்டிக்கு வருவோம். இது கொஞ்சம் கணக்குப் பாடம், பயப்பட வேண்டாம்.

நம் தமிழ் மாதங்கள் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தவை. கடகத்தில் நுழைந்தால் ஆடி. ஆனால் மழையும் வெயிலும் பகலின் நீளமும் ராசியைப் பார்த்து நடப்பதில்லை. பூமியின் சாய்வைப் பொறுத்துத்தான் நடக்கின்றன. பூமியின் அச்சு பம்பரம் போல மிக மெதுவாகத் தலையாட்டுவதால், விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு, பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளமாக இருக்கிறது. 20 நிமிடம்தானே என்று தோன்றும். அறுபது எழுபது ஆண்டுகளில் அது ஒரு நாளாகிவிடும். ஆயிரம் ஆண்டுகளில் ஏறத்தாழ பதினைந்து நாள்.

நம்ப முடியவில்லையா? பள்ளியில் ஜனவரி 12ஆம் தேதி விவேகானந்தர் பிறந்த நாள் கொண்டாடினோமே, நினைவிருக்கிறதா? அவர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. நமக்குப் பொங்கல் நாள். இன்று பொங்கல் எந்தத் தேதியில் வருகிறது? ஜனவரி 14 அல்லது 15. நூற்று அறுபது ஆண்டுகளில் இரண்டு மூன்று நாள் நகர்ந்திருக்கிறது. தை நகர்ந்தால் ஆடியும் நகரும். இராசராச சோழன் காலத்து ஆடி முதல் நாள், பருவத்தை வைத்துப் பார்த்தால், இப்போதைய ஆனி நடுவில் விழுந்திருக்கும்.

நாடு விடுதலை பெற்ற பின் இதைச் சரிசெய்யவே 1952இல் இயற்பியலறிஞர் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைத்தார்கள். நாட்டின் பல பகுதிகளில் வழங்கிய பஞ்சாங்கங்களை வாங்கிப் பார்த்து, நம் ஆண்டுப்பிறப்பு பருவத்திலிருந்து 23 நாள் விலகிப் போயிருக்கிறது என்று அந்தக் குழு கண்டது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டை அடிப்படையாகக் கொண்ட தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழிலும் வானொலியிலும் அந்தத் தேதியைக் கேட்டிருப்பீர்கள். கொல்லையில் விதை போடுகிறவர் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பார்க்காததால் குடி முழுகிப் போகவுமில்லை. ஏனென்றால் தேதியை மட்டும் நம்பி விதைத்தவர் நம்மில் குறைவு. பஞ்சாங்கம் ஏறத்தாழ எப்போது என்று சொல்லும். மீதியை மண்ணும் வானமும் சொல்ல வேண்டும்.

என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். முசிறிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லை எட்டு சென்ட் இருக்கும். ஆடி பிறந்ததும் ஊரில் கூழ் ஊற்றுவார்கள். அம்மா விதைப் பானையைத் திறக்க மாட்டார். ஒரு நல்ல மழைக்குக் காத்திருப்பார். பெய்த மறுநாள் களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் தோண்டி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து உருண்டை பிடிப்பார். உருண்டை பிடிக்கவே வராமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. பிசைந்த மாவு போல ஒட்டினால் ஈரம் அதிகம். உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் பொலபொலவென்று உடைந்தால் "பதம் வந்திடுச்சு" என்பார். அன்று கிழமை என்ன என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். விதைப்பு நடக்கும். சில ஆண்டு அது ஆடி ஐந்து, சில ஆண்டு ஆடி இருபத்தெட்டு. ஓர் ஆண்டு ஆவணியே பிறந்துவிட்டது.

விதையிலும் தேடல் உண்டு. பரங்கி, சுரை விதைகளைச் சாணியில் பதித்துச் சுவரில் வரட்டி போல அப்பி வைப்பார்கள். மற்றவற்றைச் சாம்பலில் புரட்டிப் பானையில் வைப்பார்கள். ஓராண்டு இருந்த விதை உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் மாரியம்மனுக்கு ஆடியில் முளைப்பாரி எடுப்பார்கள். வீட்டுக்கு வீடு தானியம் வாங்கி, இருட்டறையில் முளைக்கவைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் கரைப்பார்கள். அது அம்மனுக்கான வழிபாடு. அதே சமயம், யார் வீட்டு விதை செழித்தது, யாருடையது முளைக்கவில்லை என்பதும் விதைப்புக்கு முன்பே ஊருக்கே தெரிந்துவிடும். முளைக்காத வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் விதை கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஆடிப் பதினெட்டைச் சொல்லாமல் காவிரிக் கரைக்காரியால் இருக்க முடியாது. குடகிலும் வயநாட்டிலும் பெய்த தென்மேற்கு மழை காவிரியிலும் கபினியிலும் இறங்கி, ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் தேதியை ஒட்டி நம் படித்துறையைத் தொடும். ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாமலே ஆற்றில் புது வெள்ளம். அந்தத் தண்ணீரை நம்பித்தான் கரையோரக் கொல்லைகளில் விதைப்பு. மேலே கிருஷ்ணராஜ சாகரும், 1934இல் மேட்டூர் அணையும் எழுந்த பிறகு அந்த வெள்ளத்துக்குக் கதவு போட்டாயிற்று. ஜூன் 12ஆம் தேதி திறப்பது, ஜனவரி 28ஆம் தேதி மூடுவது என்று ஒரு வழக்கம் வந்தது. அதுவும் எல்லா ஆண்டும் நடந்ததில்லை. அணையில் தண்ணீர் இல்லாமல் திறப்பு தள்ளிப்போன ஆண்டுகள் பல. 2022இல் நீர் நிறைந்திருந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். காவிரி ஓடுகிற ஊர்களில் பட்டத்தைத் தேடுகிறவர் வானத்தோடு சேர்த்து அணையின் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டிய காலம் அப்படித்தான் தொடங்கியது.

வானத்தைப் பார்க்கும் வேலையை அரசாங்கம் எப்போது எடுத்துக்கொண்டது? அதற்குப் பின்னால் துயரமான கதை இருக்கிறது. 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. ஆங்கிலேய அரசு 1875இல் இந்திய வானிலைத் துறையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்வார்களே, அது இதுதான். லட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். மழையை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி அதன் பிறகு அரசை விடவில்லை. துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்தில் விழும் பனிக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்று கண்டு 1886இல் முதல் நீண்டகால முன்னறிவிப்பை வெளியிட்டார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் என்ற கணித அறிஞர், பசிபிக் கடல் பக்கத்துக் காற்றழுத்தத்துக்கும் நம் மழைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தார். இன்று எல் நினோ ஆண்டு என்று தொலைக்காட்சியில் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

அந்தச் செய்தி கிராமத்துக்கு வந்து சேர்ந்தது வானொலி வழியாக. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. பஞ்சாயத்து ரேடியோ முன்னால் சாயங்காலம் ஆண்கள் உட்கார்ந்து கேட்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லைத் தஞ்சை வட்டாரத்தில் பரப்பியதில் வானொலிக்குப் பெரும் பங்கு. மக்கள் அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். எப்போது நாற்று விடுவது, எப்போது நடுவது என்று ஒரு பெட்டி சொல்லி ஊர் கேட்டது அந்தத் தலைமுறையில்தான்.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. ஓரிடத்தில் இருந்து சொல்லும் தேதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 1950இல் மத்திய அமைச்சர் கே.எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கினார். ஜூலை முதல் வாரம் மரம் நடும் விழா. வட இந்தியாவுக்கும் மேற்குக் கரைக்கும் அது மிகப் பொருத்தமான நாள், அங்கே பருவமழை இறங்கியிருக்கும். நம் பக்கம் ஜூலை முதல் வாரம் என்பது ஆனி மூன்றாம் வாரம். காற்றும் புழுதியும்தான். என் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். விழாவில் நட்ட கன்றுகளுக்கு வகுப்பு வாரியாக முறை வைத்து நீங்கள் சத்துணவுக் கூடத்துக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினீர்கள். அப்படித் தூக்கியதால்தான் விளையாட்டு மைதான ஓரத்தில் இரண்டு வேம்பும் ஒரு புங்கனும் நின்றன. ஐப்பசியில் நட்ட கன்றுகளுக்கு அந்தப் பாடு இல்லை.

நாட்டுக்கு நாடு, செடிக்குச் செடி இது மாறுகிறது. கேரளத்தில் சூரியன் திருவாதிரையில் நிற்கும் நாட்களைத் திருவாதிரை ஞாற்றுவேலை என்கிறார்கள். ஜூன் 22ஐ ஒட்டித் தொடங்கி இரண்டு வாரம். மிளகுக் கொடி நட ஏற்ற காலம். போர்ச்சுக்கீசியர் மிளகுக் கொடிகளைக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று கேட்டுப் பதறியவர்களிடம், "கொடியைத்தானே கொண்டுபோகிறார்கள், நம் ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே" என்று பதில் வந்ததாகக் கோழிக்கோட்டு சாமூதிரியின் அவையை வைத்து ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் நல்ல கதை.

அதே போர்ச்சுக்கீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு மிளகாயைக் கொண்டுவந்தார்கள். அதன் பட்டம் கூடவே வரவில்லை. தக்காளியும் ஐரோப்பியரோடு கடல் தாண்டி வந்ததுதான். நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்த முட்டைக்கோசும் கேரட்டும் சமவெளிக்கு இறங்கியபோது, பனிக்கால ஐப்பசி, கார்த்திகையை அவற்றுக்கு ஒதுக்கினோம். இவை ஒவ்வொன்றுக்கும் எந்த மாதம் ஒத்துவரும் என்று யாரோ ஒருவர் போட்டுப் பார்த்து, கருகியதைப் பார்த்து, மறுபடி போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நாம் பழங்காலத்து மாறாத வழக்கம் என்று நினைக்கும் பட்டங்களில் சில, சில நூறு ஆண்டுகளுக்குள் தேடிக் கண்டவை.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. டொராண்டோவில் ஆடியில் விதைத்தால் காய் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும். அங்கே தேட வேண்டியது மழையை அல்ல, கடைசி உறைபனியை. மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டித் தக்காளி நாற்றை வெளியே நடுவது அங்கத்திய வழக்கம். மெல்போர்னில் நவம்பர் முதல் செவ்வாய், குதிரைப் பந்தய நாளை வைத்துத் தக்காளி நடுகிறார்கள். ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரை வரும் பனிப் புனிதர்களின் நாட்கள் கழிந்த பிறகுதான் நடுவார்கள். அவர்களுக்கும் நம் சிக்கல் உண்டு. 1582இல் போப்பாண்டவர் நாட்காட்டியைத் திருத்திப் பத்து நாளை நீக்கியபோது புனிதர்களின் தேதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதனால் அந்த நாட்கள் பருவத்தில் பத்து நாள் முன்னால் வந்துவிட்டன. யாழ்ப்பாணத்து உறவுகளுக்கோ வடகிழக்குப் பருவம்தான் பெருமழை. ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடித்துவிட்டு, காலபோகத்துக்குப் புரட்டாசி, ஐப்பசி வரை காத்திருப்பார்கள்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்? பருவமே நகர்வதாகத் துறைசார்ந்தவர்களே சொல்கிறார்கள். 2020இல் இந்திய வானிலைத் துறை பருவமழையின் இயல்பான தேதிகளைத் திருத்தியது. கேரளத்தில் தொடங்கும் ஜூன் 1 அப்படியே இருந்தது. ஆனால் வடமேற்கு மூலையிலிருந்து மழை விடைபெறும் தேதி செப்டம்பர் 1இலிருந்து 17க்குப் போனது. அலுவலகமே தன் தேதியைத் திருத்திக்கொள்ளும் காலத்தில், ஆடி ஒன்று என்று நாட்காட்டியைக் கிழித்துவிட்டு விதை போடுகிறவர் ஏமாந்து போவார். இரண்டு மூன்று முறை ஏமாந்தவர், "நமக்குக் கை ராசி இல்லை" என்று பைகளைக் கவிழ்த்துவிடுகிறார். என் மாணவர்களிலேயே நான்கைந்து பேர் அப்படி விட்டுவிட்டார்கள். கையில் குறையில்லை, கண்ணுகளா. தேடல்தான் நடக்கவில்லை.

ஆகவே இந்த ஆடிக்கு ஐந்து காரியம் செய்யுங்கள்.

ஒன்று, விதையைச் சோதியுங்கள். ஈரத் துணியில் பத்து விதையை முடிந்து வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. நாலுக்குக் கீழே என்றால் வேறு விதை வாங்குங்கள். பாகல், புடலை முளைக்கக் கூடுதல் நாள் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

இரண்டு, மண்ணின் பதம். நிலத்தில் போடுகிறவர்கள் ஒரு நல்ல மழைக்குக் காத்திருங்கள். உருண்டை பிடித்துப் பாருங்கள். மாடியில் பையில் போடுகிறவர்களுக்கு மழை அவ்வளவு முக்கியமில்லை, தண்ணீரை நீங்கள்தான் ஊற்றப் போகிறீர்கள். உங்களுக்குக் காற்றும் வெயிலும்தான் முக்கியம். கைப்பிடிச் சுவர் ஓரமாக, காற்று நேரே அடிக்காத பக்கம் வையுங்கள்.

மூன்று, முன்னறிவிப்பைப் பாருங்கள். கைப்பேசியிலேயே அடுத்த ஐந்து நாள் நிலவரம் வருகிறது. பெருமழைக்கு முதல் நாள் கீரை விதை தூவினால் விதை எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும்.

நான்கு, ஒரே நாளில் எல்லா விதையையும் போடாதீர்கள். மூன்று பங்காகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் போடுங்கள். ஒன்று தவறினாலும் ஒன்று நிற்கும். அம்மா விதைப் பானையை ஒருபோதும் காலி செய்ததில்லை. மறு விதைப்புக்கு ஒரு பிடி எப்போதும் அடியில் இருக்கும்.

ஐந்து, எழுதி வையுங்கள். எந்தத் தேதி மழை பெய்தது, எந்தத் தேதி போட்டீர்கள், எப்போது முளைத்தது, எப்போது முதல் காய். ஒரு பள்ளி நோட்டு போதும். மூன்று ஆண்டு எழுதினால் உங்கள் வீட்டுக்கு என்று ஒரு பட்டம் தெரிந்துவிடும். நான் எழுதுவது ஒன்பது ஆண்டாக. அதில் வெண்டைக்கு நல்ல விளைச்சல் தந்த விதைப்புகளில் பெரும்பாலானவை ஆடிப் பதினெட்டுக்குப் பிந்தியவை. இது என் கொல்லைக் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். நம் ஊர்களில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தக் காற்று அடித்தால் மழை வரும், தும்பி தாழப் பறந்தால் என்ன, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் என்ன, எந்தக் கொடியை எந்த மாதம் ஊன்றக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அந்த ஊருக்கென்று எழுதி வைக்கவில்லை. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். என் அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டது எதையும் இனிக் கேட்க முடியாது. இந்த வாரம் உங்கள் பாட்டிக்கோ, அப்பத்தாவுக்கோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கோ ஒரு போன் போடுங்கள். "நம்ம ஊர்ல அவரை எப்போ போடுவீங்க, எதைப் பார்த்துப் போடுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஊர்ப் பெயரோடு இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். சரி, தவறு என்று யாரும் யாரையும் திருத்த வேண்டாம். கரிசல் காட்டுக்காரரும் செம்மண் காட்டுக்காரரும் வேறு வேறாகச் சொன்னால் இருவருமே அவரவர் மண்ணுக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

வந்ததையெல்லாம் ஊர் வாரியாக நான் தொகுத்து ஆவணியில் பதிவிடுகிறேன். எல்லோருக்கும் நல்ல மழையும் நல்ல விளைச்சலும் அமையட்டும். வாழ்க வளமுடன்.